பள்ளத்தின் கடிகாரம்

நாள் 212 | 07:10 | மேட்டு நிலையம், நிலவு
எழுதுபவர்: இசக்கியம்மாள், கண்காணிப்புப் பொறியாளர். நிலையத்தில் நான் ஒருத்தி மட்டும். முப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு அப்பால், வெயிலே விழாத பள்ளத்தில், பனிக்கட்டியை உருக்கி நீராக்கும் ஆலை ஓடுகிறது. அங்கே ஃபிட்டர் ரொசாரியோ அண்ணன் பழுது பார்க்கிறார். ஒரே வண்டி அவரிடம் இருக்கிறது.
உருக்கும் கலனில் அழுத்தம் 4.1 பார். மூடி மூடியிருக்கிறது. எல்லாம் வி.பி.என். என்ற தனி இணைப்பு வழியாக என் திரைக்கு வருகிறது. கலனில் பொருத்திய அழுத்தமானி நான்கு மாதமாக உறைந்து நிற்பதால், மூடியைத் திறக்கும் முன் அண்ணன் ரேடியோவில் என்னிடம் கேட்பார். திரையைப் பார்த்து நான் சொல்வேன். ரேடியோ தனி வழி, தாமதம் கிடையாது.

09:25
இணைப்பைச் சோதிக்க அண்ணன் ஆலை விளக்கை அணைத்தார். என் திரையில் அது அணைய நாற்பது நொடி ஆனது. சோதனைச் செய்தி அனுப்பினேன். ஒரு நொடியில் திரும்பியது. பாதையில் தடையில்லை.
ரேடியோ: "ஏ தங்கச்சி, ஒங்க மேட்டுல எல்லாரும் தூங்கி எந்திரிச்சுத்தான் வேல பாப்பியளா?"
"பாக்குறேன்" என்றேன்.
"ஒரு வார்த்தைக்கு மேல பேசுனா அங்க காத்து தீந்துருமோ?"

10:50
பூமியிலிருந்து எங்கள் இணைப்பைக் கவனிக்கும் பத்மநாபன் சார் சொன்னபடி வி.பி.என்.னை இருமுறை நிறுத்தித் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் ஒன்பது நிமிடம் மூடிக் கிடந்தது. இப்போது விளக்கு பத்தொன்பது நிமிடம் கழித்து அணைகிறது. தரவு பழையது என்று திரையில் அதன் நேரம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. ஆனால் சோதனைச் செய்தி இப்போதும் ஒரு நொடிதான். புரியவில்லை.

11:48
சார் ஐம்பத்தாறு நிமிடம் இணைப்பை மூடி வைத்து வேலை பார்த்துத் திறந்தார். திரை பச்சை.
செய்தி: "பள்ளத்து கடிகாரம்தாம்மா சரியில்ல. இனிமே டேட்டா உங்ககிட்ட வந்து சேர்ற நேரத்தையே போடும். ஸ்க்ரீன் பச்சையா இருக்குல்ல? முடிஞ்சுது."
வந்து சேர்ந்த நேரத்தைப் போட்டால் கிளம்பிய நேரம் எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கேள்வி கேட்டால் தெரியாதது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. "சரி சார்" என்று அனுப்பினேன். விளக்கை மறுபடி சோதிக்கவில்லை.

12:40
கலனுக்குள் வடிகட்டி அடைத்திருக்கிறது. மூடியைத் திறக்க வேண்டும். அழுத்தத்தை இறக்க 12:05க்கு அண்ணன் ஆவிக் குழாயைத் திறந்தார். திரையில் இன்னும் 4.1. குழாய் குறுகலானது, மெல்லத்தான் இறங்கும் என்று இருவரும் பேசிக்கொண்டோம். இங்கே காற்றில்லை, சீறல் கேட்காது.
ரேடியோ: "ரேசன் கடை வரிசையே இதவிட வேகமா நகரும், தங்கச்சி. நான் போல்ட்ட கழட்ட ஆரம்பிக்கேன். கடைசி நாலு மட்டும் நீ சொன்ன பெறவுதான்."

13:36
13:20க்கு இறங்கத் தொடங்கியது. 13:35க்குப் பூச்சியம்.
ரேடியோ: "பூச்சியந்தான? நல்லா பாத்துச் சொல்லு."
"பூச்சியம், அண்ணே."
"சபாஷ். ரெண்டு வார்த்த பேசிட்ட."

13:52
13:41 முதல் ரேடியோவில் பதில் இல்லை. பதினொரு முறை கூப்பிட்டேன். திரையில் அழுத்தம் 0, மூடி மூடியிருக்கிறது. பச்சை.

14:09
திரையை விட்டுவிட்டு உள்ளே வரும் மூலப் பதிவைத் திறந்தேன். அதில் பள்ளத்தின் கடிகாரம் இருக்கிறது. 12:54.
ஒரு வரி கூட விடுபடக்கூடாது என்பது எங்கள் விதி. இணைப்பு மூடியிருக்கும்போது ஆலையின் கேட்வே பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, பழையதை முதலில் அனுப்பும். வரும் வேகத்துக்கு மேல் அனுப்ப அதனால் முடியாது. நாங்கள் மூடிய ஒவ்வொரு நிமிடமும் அப்படியே வரிசையில் நின்றுவிட்டது. சோதனைச் செய்தி வரிசையில் நிற்பதில்லை.
எழுபத்தைந்து நிமிடத் தாமதம். அண்ணன் குழாயைத் திறந்ததும் அழுத்தம் உடனே இறங்கியிருக்கிறது. நான் சொன்ன பூச்சியம் 12:20க்கு உரியது.
இப்போது பதிவில் அழுத்தம் 0.9. ஏறுகிறது. குழாயின் வாய் உறைந்து அடைத்திருக்க வேண்டும். சூடாக்கி நிற்பதே இல்லை.

14:31
பூமிக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன்.
செய்தி: "இசக்கி, பதற்றப்படாதே. ரேடியோ மட்டும் போயிருக்கலாம். முதல்ல அந்த க்யூவை அழிச்சிடு. லைவ் வந்துடும். பழைய டேட்டா யாருக்கும் வேண்டாம்."
அழித்தால் 13:41 என்ற நேரமே எங்கும் இருக்காது. நான் சொன்னதும் இருக்காது, சார் மாற்றியதும் இருக்காது.
"மாட்டேன் சார்."
3.8.

14:50
பள்ளத்தில் 13:35. அழுத்தம் 6.0. மூடி மூடியிருக்கிறது.
இந்தத் திரையில் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். வெளியே நின்று போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பார். அடுத்த நிமிடம் என்னிடம் கேட்பார்.

14:53
13:38. 6.3.
ரேடியோவை அழுத்திப் பேசினேன். "அண்ணே, தொடாதீங்க. ஆறு இருக்கு. கைய எடுங்க. அந்தப் பக்கம் நிக்காதீங்க." இவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. போல்ட்டு போல்ட்டாகச் சொன்னேன். அவர் பிள்ளைகளின் பெயரைச் சொன்னேன்.

14:55
13:40. 6.4. மூடியிருக்கிறது.
மூடியிருக்கிறது.
மூடியி

14:56
13:41. மூடி: திறப்பு. அழுத்தம்: 0.
திரை பச்சை.