மூன்றடிக்குக் கீழே

நவம்பர் 3

தண்ணீர் நாலரை அடி. மழை விட்டு ஆறு நாள் ஆகிறது. கடைத்தெருவில் தார்ப்பாய்களை மடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மேளக்காரர்கள் ஊறிப்போன தோலை வெயிலில் காயவைக்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு எவ்வளவு?"

ஆற்று நடுவில் மணல்திட்டு தெரிந்தால்தான் எங்கள் ஊருக்கு விழா. பாலத்துத் தூணில் தண்ணீர் தொடர்ந்து மூன்று காலை மூன்றடிக்குக் கீழே நிற்க வேண்டும். மூன்றாவது காலையிலிருந்து ஐந்தாம் நாள் திட்டில் மேடை. அளவு பார்ப்பது என் வேலை, பதினோரு வருடமாக. தூணுக்கு இறங்கும் இரும்புக் கதவின் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மேடையில் முதல் பாட்டும் எட்டு வருடமாக என்னுடையதுதான்.

விழாவுக்காக ஓரகத்தி, இவர் தம்பியின் மனைவி, வந்திருக்கிறாள். இருபதாம் தேதி வரை லீவாம். வந்ததிலிருந்து என்னிடம் பேச்சே இல்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டல். வெந்நீர்தான் குடிக்கிறாள். பெரிய ஊர் வாசம் அப்படி ஆக்கிவிடும் போல.

நவம்பர் 5

விழாக்குழுத் தலைவர் பால அலுவலகத்துக்கே வந்தார். இழுத்து இழுத்துப் பேசும்போதே தெரிந்துவிட்டது.

"முதல் பாட்டை இந்தத் தடவை உங்க ஓரகத்தி பாடட்டும்னு குழுவுல பேச்சு. நல்லா பாடுவாங்களாமே. நீங்க இங்கயே இருக்கறவங்க, எப்ப வேணா பாடலாமே."

இங்கேயே இருப்பது ஒரு குற்றமா? எட்டு வருடம் பனியில் நின்று பாடியவள் நான். நாலு நாள் விருந்துக்கு வந்தவளுக்கு மாலை. சிரித்துக்கொண்டே "அதுக்கென்ன, தாராளமா பாடட்டும்"னு சொல்லிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கல. ஏன் சிரிச்சேன்?

நவம்பர் 6

சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவள் மட்டும் காதோடு, "நல்லாருக்குக்கா" என்று கிசுகிசுத்தாள். நடிப்பு.

நவம்பர் 9

இரண்டேமுக்கால்.

படியிலேயே உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. பதினாறாம் தேதி விழா. அவள் இருப்பாள். புதுச் சேலை கட்டி மேடை ஏறுவாள்.

பதினைந்துக்கு முன் தண்ணீர் இறங்காவிட்டால்? இருபத்திரண்டாகிவிடும். இருபதாம் தேதி அவள் மூட்டை கட்டியிருப்பாள்.

பதிவேட்டில் மூன்றேகால் என்று எழுதினேன். எழுத்து எப்போதும்போல அழகாகத்தான் விழுந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 11

படகுக்காரர் படிக்கட்டில் வழிமறித்தார். "என்னம்மா, என் படகு தரை தட்டுது. கழி இடுப்பு வரைக்கும்கூட நனையல. உங்க தூண்ல மட்டும் மூணேகாலா?"

"தூணடியில பள்ளம்" என்றேன். பள்ளத்துக்கும் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆற்றில் பிறந்து வளர்ந்த மனிதரிடம் போய்ச் சொல்கிறேன். அவர் கதவுப் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 13

மூன்றேகால். பொய்.

நவம்பர் 14

"வானம் வெட்ட வெளிச்சமா இருக்கு, தண்ணி மட்டும் ஏன் முரண்டு பிடிக்குது?" என்று இவர் கேட்டார். மேலே எங்கோ மழையாம், ஊரே காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. எனக்கு வேலை மிச்சம். மேளத் தோல் காய்ந்து, பனியில் மறுபடி தொய்ந்துவிட்டதாம். அந்தப் பாவம் யார் கணக்கில்?

நவம்பர் 17

பதினைந்திலிருந்து உள்ளதை எழுதினேன். இன்று மூன்றாம் காலை. இருபத்திரண்டு என்று அறிவித்துவிட்டார்கள். நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைத்தேன்.

நவம்பர் 18

அவள் சமையலறைக்கு வந்தாள். பேசினாள். கிசுகிசு இல்லை, முழுக் குரல்.

"இன்னைக்குதான்க்கா தொண்டை திறந்துச்சு. இந்த மழை விட்ட குளிர் ஒத்துக்காம குரலே போச்சு. பதினெட்டு வரைக்கும் வாயே திறக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. தலைவர்கிட்ட மட்டும் சொன்னேன், பதினெட்டுக்கு முன்னாடி விழா வந்துட்டா அக்காதான் பாடணும்னு. நல்ல வேளை, தண்ணி வடியல. நாலு நாள் லீவும் நீட்டிக் குடுத்துட்டாங்க."

கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய கரண்டியையே திரும்பக் கழுவினேன்.

பதினாறு. என் பாட்டு. நானே என் கையால்... வேற யாரும் இல்ல, நானே.

நவம்பர் 22

விழா. நான் இரண்டாம் வரிசையில், கூடச் சேர்ந்து பாடுகிறவர்களோடு.

பாடுவதற்கு முன் அவள், "இந்த ஆறு எனக்காகத்தான் ஆறு நாள் காத்திருந்துச்சு" என்றாள். ஊரே கைதட்டியது. படகுக்காரர் மட்டும் மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றாகப் பாடினாள். எழுதவே வயிறு எரிகிறது, ஆனாலும் நன்றாகத்தான் பாடினாள். எங்கே சறுக்குவாள் என்று காத்திருந்தேன். மூன்றாம் வரியில் மேலே ஏறும்போது குரல் பிசிறியது. ஒரு கணம் இனித்தது. பிறகு என்ன ஆயிற்றோ, என் முறை வருவதற்கு முன்பே குரலை உயர்த்தி அந்த இடத்தை மூடினேன். பிசிறு யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் 23

படகுக்காரரிடம் போய்ச் சொன்னேன். ஆறு நாளும் எழுதியது பொய் என்று. "என் கழிக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார். சாவி இன்னொன்று வெட்டி அவரிடம் கொடுத்தேன். இனி காலையில் இரண்டு பேராக இறங்குவதென்று பேச்சு.

நவம்பர் 7, அடுத்த வருடம்

படகுக்காரர் முந்திக்கொண்டு கழியை இறக்கினார். இருவரும் குனிந்து பார்த்தோம்.

ஏறி வரும்போது அவள் போன். இந்த வருடமும் முதல் பாட்டு அவளுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. "அக்கா, எனக்குப் பதினாலு வரைக்கும்தான் லீவு. இந்தத் தடவை நீட்ட முடியாது. தண்ணி எங்க நிக்குது? வரவா, வேண்டாமா?"

இன்று முதல் காலை. ஒன்பதாம் தேதியோடு மூன்று காலை. பதினாலாம் தேதி விழா.

"கிளம்பி வா" என்றேன். வயிறு எரியத்தான் செய்தது. பதிவேட்டைத் திறந்து இரண்டேமுக்கால் என்று எழுதினேன்.