பரவாயில்லை என்றால் எவ்வளவு சூடு

மார்ச் 4

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு இவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது தொடையில் இருக்கும் புற்றுநோய்க் கட்டிக்குப் புதிதாக ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்களைத் தண்ணீரில் கலந்து கட்டிக்குள் ஊசி போட்டுவிடுவார்களாம். பிறகு வெளியே ஒரு காந்தச் சுருள். அதன் திசை நொடிக்கு லட்சம் தடவை மாறுமாம். அந்த ஆட்டத்தில் துகள்கள் சூடாகி, கட்டியின் செல்களை உள்ளேயே சாகடித்துவிடும். சுற்றியிருக்கும் சதை தப்பித்துக்கொள்ளும்.

"சரிப்பட்டு வரலேன்னா?" என்று நான்தான் கேட்டேன். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "காலை எடுக்க வேண்டியிருக்கும்."

அதற்கு இவர் என்ன சொன்னார்? "பரவாயில்ல."

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனி பிரேக்கில் வலது காலை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனிதர். இவரிடம் கற்றுக்கொண்ட காலத்தில் நான் ஒரு வீட்டு கேட்டை இடித்துத் தள்ளினேன். அப்போதும் "பரவாயில்ல"தான். அதை நம்பித்தானே கல்யாணம் செய்துகொண்டேன்.

மார்ச் 12

ஊசி போட்டாயிற்று. கொழுந்தன் பார்க்க வந்தான். "அண்ணி, அண்ணனை பிரிட்ஜ் பக்கம் விடாதீங்க, ஒட்டிக்குவார்." எல்லோரும் சிரித்தோம். அப்புறம் நான் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 17

முதல் நாள் சூடு. உள்ளே உலோகம் எதுவும் கூடாது என்று பெல்ட், சாவிக்கொத்து, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், இயந்திரம் பார்ப்பவருக்குப் பக்கத்தில். கட்டிக்குள் எவ்வளவு சூடு என்பதைத் திரை காட்டிவிடும். மேல்தோல் சுடுகிறதா என்பதை மட்டும் படுத்திருப்பவர்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வாய் திறக்கிற ஆளா இவர்?

"எப்படி இருக்கு சார்?"

"பரவாயில்ல."

"இன்னும் கூட்டலாமா?"

"பரவாயில்ல."

அவர் என் பக்கம் திரும்பி, "மேடம், இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார். எனக்கே இன்னும் பிடிபடவில்லை. என் சமையல் ருசித்தாலும் பரவாயில்லை, தீய்ந்துபோனாலும் பரவாயில்லை. பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றும், வீங்கிய கன்னத்தோடு, அதே வார்த்தைதான்.

மார்ச் 20

கடையில் கண் பார்க்கும்போது யாரிடமும் "நல்லா தெரியுதா?" என்று கேட்க மாட்டேன். கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "இதுவா, அதுவா?" என்றுதான் கேட்பேன். இன்று இரண்டாம் தடவை சூடு வைக்கும்போது, இயந்திரம் பார்ப்பவரின் மைக்கை வாங்கி இவரிடமும் அப்படியே கேட்டேன். "சூடு இப்ப அதிகமா, முன்னாடி அதிகமா?"

"ரெண்டும் பரவாயில்ல."

என் தொழில் மானம் அங்கேயே போயிற்று. இயந்திரம் பார்ப்பவர் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மார்ச் 21

இரண்டு தொடையும் ஒட்டுகிற இடத்தில் கொப்புளம். உடை மாற்றும்போது பார்த்துட்டேன். சுட்டிருக்கு. அத்தனை நேரமும் சுட்டுக்கிட்டே இருந்திருக்கு. இந்த மனுஷன் அப்பவும் —

மருந்து போடணும். நாளைக்கு எழுதறேன்.

மார்ச் 22

டாக்டரம்மா பார்த்தார். தோலும் தோலும் ஒட்டுகிற இடத்தில் அப்படி ஆகுமாம். நடுவில் ஒரு துணியை வைத்து, காந்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதுமாம். "ஆனா இவர் சொன்னாத்தானே எனக்குத் தெரியும்? சொல்லாத ஆளை வெச்சுக்கிட்டு என்னால தொடர முடியாதுங்க. அடுத்த தடவையும் இப்படின்னா ஆபரேஷன்தான்."

வீட்டுக்கு வந்து கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "வாயை எங்க அடகு வெச்சீங்க? சுடுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சுடுதுன்னு சொன்னா நிறுத்திடுவாங்க. நிறுத்திட்டா கால் போயிடும்."

அட என் மனுஷா. இவ்வளவு நாளும் நான் பொறுமை என்று நினைத்தது பயமா? பக்கத்திலேயே இருந்தும் எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

"பிரேக் மிதிக்கப் பயப்படுறவங்ககிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எங்கே வருகிறேன் என்று இவருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாவெறுப்பாகச் சொன்னார்: "லேசா மிதிச்சா வண்டி நின்னுடாது. வேகம்தான் குறையும்."

"அதேதாங்க."

மார்ச் 27

"சுடுது." "இப்பவும் சுடுது." "இடது பக்கம் ஓரமா லேசா சுடுது." "துணி நழுவுது." "மூக்கு அரிக்குது, ஆனா அது உங்க மிஷினால இல்லன்னு நினைக்கிறேன்."

இயந்திரம் பார்ப்பவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மேடம், பழைய சாரே தேவலாம்போல இருக்கே" என்றார். ஆனால் இன்றுதான் கட்டிக்குள் வேண்டிய சூடு கடைசிவரை குறையாமல் நின்றதாம். மேலே எங்கும் கொப்புளம் இல்லை. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு நானே பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 3

இன்றும் ஒரே சுடுது, சுடுது. காதுக்கு என்ன இனிமை.

மே 19

ஸ்கேன் முடிவு வந்தது. கட்டியில் பெரும்பகுதி செத்துவிட்டதாம். மிச்சத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்துவிடலாமாம்.

"அப்போ கால்?" என்று நான் கேட்டேன்.

"கால் உங்க வீட்டுக்காரருக்குத்தான்" என்றார் டாக்டரம்மா.

இவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பாவம், எப்படி நிறுத்துவது என்றும் தெரியவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மிச்சக் கட்டியையும் எடுத்து, காயம் ஆறி, இவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே புலம்பல் ஆரம்பம். புதிதாக ஓர் அம்மாள் சேர்ந்திருக்கிறாராம். வேகம் என்றால் அவருக்கு உயிராம். இவருக்குத்தான் உயிர் கையில் இல்லையாம். நாள் முழுக்க பிரேக்கை விட்டுக் காலை எடுக்கவே முடியவில்லையாம்.

"அப்பப்பா, கால் வலி தாங்க முடியல."

"எந்தக் கால்?"

"வலது காலுதான். பிரேக்கை வேற எந்தக் காலால மிதிப்பாங்க?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எந்தக் கால் என்று எனக்குத் தெரியாதா? இவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும்போல இருந்தது.