உடைத்த பூட்டும் நாற்பது பூனைகளும்

வெள்ளி, இரவு

அக்காள் கல்யாணத்துக்காகப் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில், சாவி தொலைந்துபோனதாக ஆத்தா சொன்ன எங்கள் பங்கு அறையின் பூட்டை இன்று உடைத்தோம், நாற்பது பூனைகள் வெளியே பாய்ந்தன! எல்லாம் என்னைப் பெற்ற ஆத்தா ரகசியமாக அடைத்து வைத்தவை. உள்ளே இன்னும் ஆறு செத்துக் கிடந்தன.

அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம்; அப்பச்சி கடப்பாரையை ஓங்கினார். "ஒண்ணையும் உயிரோட விடமாட்டேன்!"

"மொதல்ல என்னையக் கொல்லுங்க!" ஆத்தா அவர் கையைக் கடித்தாள். அவர் உதறியதில் தூணில் மோதி அவள் நெற்றி பிளந்தது. ரத்தத்தைக்கூடத் துடைக்காமல், "குட்டிகளுக்குப் பால் வைங்கடி" என்றாள்.

பாதிப் பூனைகள் என்னால் வந்தவை. ஆத்தா எந்தப் பூனையையும் கைவிடமாட்டாள் என்று நான் ரீல்ஸ் போட்டேன். அதைப் பார்த்துத்தான் ஊரார் சாக்கில் கட்டி எங்கள் வாசலில் வீசினார்கள்.

அப்பச்சி விடியும்வரைதான் கெடு கொடுத்திருக்கிறார். இப்போது அதே ரீல்ஸ் பக்கத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன்: "வீசுனவுகளே, வந்து உங்க பூனையத் தூக்கிட்டுப் போங்க. விடிஞ்சா அப்பச்சி அடிச்சே கொன்னுருவாக. எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க."