சக்கரத்தில் மஞ்சள் பூட்டு

மே 31, சனி

காலையிலிருந்து ஒரே காற்று. கடல் இரைச்சல் மூன்றாம் மாடி வரைக்கும். உடுப்புக் காயப்போட முடியவில்லை.

மருதானைப் பக்கம் போய் வந்தேன், உதிரிப்பாகக் கடைகளுக்கு. ரஞ்சன் அண்ணாவின் கட்டளை. பெரியம்மாவின் மகன், கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். போன கிழமை அவருடைய கார் வீட்டு வாசலிலிருந்தே போய்விட்டது. அலாரம் வைத்த கார். கத்தியதாம், தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம். பூனை ஏறினாலும் கத்துகிற அலாரம், யார் பார்ப்பார்கள்? அன்றிலிருந்து எனக்கு ஓயாமல் போன். "காதுக்குக் கேக்கிற சாமான் சரிவராது. கண்ணுக்குத் தெரியிற சாமான் வாங்கு."

என் காருக்கு ஒன்று வாங்கியாயிற்று. சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பூட்டு. கண்ணைக் குத்தும் மஞ்சள். இது உண்மையில் கள்ளனைத் தடுக்குமா என்று கடைக்காரரிடம் சிங்களத்தில் கேட்டேன். சிரித்தார். தடுக்காது நங்கி (தங்கச்சி), அவனுக்கு வேலை கூடும், அதனால் பக்கத்துக் காரைப் பார்ப்பான் என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

வேறு: அம்மாவின் பிரஷர் மருந்து. குளியலறைக்கு பல்ப். நூலகப் புத்தகம் இன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

மப்பு. மழை இல்லை.

இணையத்தில் இதைப் பற்றியே வாசித்துக்கொண்டு பாதி நாள். பூட்டைக் கண்டாலே கள்ளன் விலகிப் போவான் என்று ஒரு கூட்டம். தொழில் தெரிந்தவனுக்கு அது விளையாட்டுச் சாமான் என்று இன்னொரு கூட்டம். எல்லோரும் கள்ளனின் தலைக்குள் இருந்துவிட்டு வந்தவர்கள் போலவே எழுதுகிறார்கள். நடக்காமல் போன களவை யார் எண்ணுவது? ஒரு கார் களவு போகவில்லை என்றால், பூட்டினாலா, அன்றைக்கு ஒருவனும் வராததாலா?

தேங்காய் துருவும்போது இதை அம்மாவிடம் சொன்னேன். "கள்ளன் இதெல்லாம் வாசிச்சிட்டோ வாறவன்?" என்றார்.

ஜூன் 2, திங்கள்

பூட்டின் முதல் நாள்.

எங்கள் சின்ன ஒழுங்கைத் தெருவின் முடிவில் உள்ள வெறுங்காணியில்தான் எல்லோரும் வாகனம் விடுகிறோம். எழுதிப் பார்த்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஏழெட்டு வாகனங்கள், நான்குக்கு உரிய இடத்தில். கடைசியாக வருபவர் வழியை மறித்துத்தான் விடவேண்டும். ஆனால் ஹாண்ட்பிரேக் போடக் கூடாது, நியூட்ரலில் விட்டுவிட்டுப் போகவேண்டும். தேவைப்பட்டவர் அதைத் தள்ளி வழி எடுத்துக்கொள்வார். வெளியே போகிறவரும் தள்ளுவார், உள்ளே வருகிறவரும் தள்ளுவார். கேட்பதில்லை, சொல்வதில்லை. காலையில் என் கார் நான் விட்ட இடத்தில் இருக்காது, இரண்டடி முன்னால் நிற்கும். யார் தள்ளியது என்று இந்த நாலு வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

சக்கரத்தைப் பூட்டினால் தள்ள முடியாது. அதனால் உள் மூலையில் இடம் கிடைத்தால் மட்டும் பூட்டுவது, வழியில் விட்டால் பூட்டுவதில்லை. இன்று மூலை கிடைத்தது.

கீழ் வீட்டு அங்கிள் (வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாவற்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பவர்) வந்து பார்த்துவிட்டு, "காருக்கும் கால்விலங்கோ பிள்ளை? என்ன குற்றம் செய்தது?" என்றார். தெருவுக்கு அந்தப் பக்கம் முன்வீட்டு பாரூக் நானா (அவர்கள் வழக்கில் அண்ணன்) பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் தன் வானைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரும் வந்தார். குந்தியிருந்து பூட்டைத் தொட்டுப் பார்த்தார். நல்ல பாரம் என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 4, புதன்

மழை, மழை, மழை.

பின்னேரம் அம்மாவுடன் கிளினிக். முழங்கால். வரும்போது காலி வீதி முழுக்க வெள்ளம். காணி வாசலிலேயே காரை விட்டுவிட்டு அம்மாவைக் குடைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன். லிப்ட் வேலை இல்லை. திரும்ப இறங்கி வந்து பூட்டைப் போட்டேன். வாசலில் நிற்கிறது என்பது தெரியும். இந்த மழையில்தான் கள்ளனுக்கு வசதி என்று ரஞ்சன் அண்ணா காலையில்தான் சொல்லியிருந்தார். எல்லோரிடமும் என் நம்பர் இருக்கிறது, வேண்டுமென்றால் போன் எடுத்துக் கூப்பிடுவார்கள்.

பொழுதுபட, ஜன்னலடியில் இருந்த அம்மா: "பாரூக் தம்பியின்ர வான் வந்து நிண்டது. இப்ப பின்னுக்குப் போகுது." பின்னால் எடுக்கும்போது அது பாடும் பாட்டு எனக்கும் கேட்டது. தேவையென்றால் போன் எடுப்பார்தானே என்றேன். மடியில் புத்தகம், கடைசி அத்தியாயம்.

முடித்துவிட்டேன். நல்ல முடிவு.

ஜூன் 5, வியாழன்

வானைக் காணவில்லை.

காணிக்குள் எடுக்க முடியாமல் கடலோர வீதியில் விட்டிருக்கிறார். காலையில் போனால் வெறும் இடம். வானுக்குப் பூட்டும் இல்லை, அலாரமும் இல்லை. பின் கண்ணாடியில் வாத்துக் குஞ்சு ஒட்டிய பள்ளிக்கூட வானை யார் எடுப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். 

ஒழுங்கை வாசலில் பிள்ளைகள் பைகளோடு நின்றார்கள். ஒரு தாய் போனில் வேறு வான் தேடிக்கொண்டிருந்தார். நான் காரை எடுக்கப் போனபோது பாரூக் நானா மச்சானுடன் திரீவீலரில் பொலிசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு தலையாட்டினார். வழக்கமான தலையாட்டல்தான். அவர் பார்த்துக்கொண்டிருக்கையில் குனிந்து பூட்டைக் கழற்ற வேண்டியிருந்தது.

மத்தியானம் ரஞ்சன் அண்ணா: "பாத்தியே, நான் சொன்னனான்தானே. பூட்டுப் போட்ட கார் நிக்குது, போடாத வான் போயிட்டுது." போனை வைத்துவிட்டேன்.

பூட்டு இப்போது கட்டிலுக்கடியில். இனிப் போடப்போவதில்லை. இன்று இதைச் செய்து என்ன.

ஜூன் 7, சனி

ஹஜ் பெருநாள். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

பெருநாள் சாப்பாடு இம்முறை வராது என்று நினைத்தேன். வந்தது. பாரூக் நானாவின் மனைவி ரிசானா தாத்தா (அக்காவை அவர்கள் தாத்தா என்பார்கள்) தானே மூன்று மாடி ஏறிக் கொண்டுவந்தார். புரியாணி, இனிப்புக்கு வட்டிலப்பம். மாட்டிறைச்சி சாப்பிடாத எங்களுக்கென்று கோழியில் தனியாக, எல்லா வருடமும் போல. அம்மா வானைப் பற்றிக் கேட்டார். அல்லாஹ் ஒரு வழி வைத்திருப்பான் என்றார் ரிசானா தாத்தா. என் முகத்தைப் பார்த்தே பேசினார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. என்ன வைக்கலாம் என்று அம்மா கேட்டார். குசினியில் தட்டைக் கழுவி, துடைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மாம்பழம். வேறு எதை வைப்பது.

கொண்டுபோய்க் கொடுக்கும்போது சொல்லலாம் என்றிருந்தேன். வீடு நிறைய விருந்தாளிகள். வாசலில் வைத்தே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 11, புதன்

வான் கிடைத்தது. ஊரின் மறுகோடியில், தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றின் பின்னால். சீற் இல்லை, பற்றரி இல்லை, சக்கரங்கள் இல்லை. எஞ்சினிலும் பாதி இல்லை. கீழ் வீட்டு அங்கிள்தான் சொன்னார். வாத்துக் குஞ்சு மட்டும் அப்படியே இருக்கிறதாம்.

பின்னேரம் பாரூக் நானாவை ஒழுங்கையில் கண்டேன். பொலிசுக்கும் கோட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும், நான் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "வேணாம் தங்கச்சி, ஒங்கட வேல கெடும்." அப்படியானால் பிள்ளைகளை ஏற்ற என் காரை எடுங்கள், நான் நுகேகொடைக்கு வேலைக்கு பஸ்ஸில் போவேன் என்றேன். பதினாறு பிள்ளைகளை அந்தச் சின்னக் காரில் எங்கே ஏற்றுவது என்று சிரித்தார். நியாயம். கேட்டபோதே எனக்கும் தெரியும். மறுக்கக்கூடியதைத்தான் கொடுக்க முன்வந்தேனோ?

பிள்ளைகள் ஏற்கெனவே வேறு வானில் போகத் தொடங்கிவிட்டார்கள். தாய்மாரைக் குறை சொல்ல முடியாது, அவர்களும் வேலைக்குப் போகவேண்டும்.

ஜூன் 18, புதன்

காணியில் இப்போது மஞ்சள் மயம். கீழ் வீட்டு அங்கிள் வாங்கிவிட்டார். மேல் மாடி டொக்டரும். இன்னும் இருவர். என் கார் தப்பியதுதான் எல்லோருக்கும் சாட்சி. "உங்கட பூட்டுக்கு நல்ல ராசி பிள்ளை" என்கிறார் அங்கிள். என் கார் தப்பியது பூட்டினால் அல்ல, கள்ளன் காணிக்குள் வந்தானா என்பதே தெரியாது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எதற்கும் நல்லதுதானே என்றார்.

காலையில் யாரும் யாரையும் தள்ளுவதில்லை. ஹோர்ன் அடிக்கிறார்கள், போன் எடுக்கிறார்கள், பல்துலக்கிக்கொண்டே யாரோ திறப்போடு இறங்கி வருகிறார்கள். என்னுடையது மட்டும் பூட்டில்லாமல், நியூட்ரலில். 

இரண்டு நாளாகத் தலையிடி. புதிய புத்தகம் நாலாம் பக்கம் தாண்டவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

காற்று. மழை இல்லை.

பாரூக் நானா குடும்பம் வீடு மாறுகிறது. மட்டக்குளியில் ரிசானா தாத்தாவின் தாய்வீட்டுக்கு, உம்மாவிடம். அங்கே யாரோ ஒருவருடைய வானுக்கு டிரைவராகப் போகிறாராம். இவ்வளவு காலம் சொந்த வான் வைத்திருந்த மனிதர். காலையில் சின்ன லொறி வந்தது. அம்மாவுக்கு இறங்க முடியாது, நான் போய் மின்விசிறி, கதிரை, பானை சட்டி தூக்கிக் கொடுத்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். இரவே வசனம் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. அன்றைக்கு எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே நானா, ஓடி வந்து கழற்றியிருப்பேனே என்றேன். குற்றம் அவருடையது போல.

அவர் கோபிக்கவில்லை. மெத்தையைக் கயிற்றால் கட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் போனக் கையில எடுத்த. ஒங்கட ரூம்ல வெளிச்சமும் இரிந்திச்சு. ஆனா அந்தப் பூட்டக் கண்டதும் ஒரு மாதிரியாப் போச்சு தங்கச்சி. இவ்வளவு நாளும் ஒங்கட காரத் தள்ளின நாங்கதானே. இது கள்ளனுக்குப் போட்டதா, எங்களுக்குப் போட்டதாண்டு யோசிச்சிட்டு நான் மழைக்குள்ளயே நிண்ட. பொறகு, வேணாம், தொந்தரவு குடுக்கப்படாதுண்டு நான் திரும்பிப் போன."

"கள்ளனுக்குத்தான் நானா."

"தெரியும்," என்றார். "இப்ப தெரியும்."

கயிற்றின் மற்ற முனையை என்னிடம் தந்தார். இழுத்துப் பிடித்தேன். முடிச்சுப் போட்டார். 

லொறி போனபிறகு படியேறினேன். இவ்வளவு நேரம் நின்று என்ன கதைத்தோம் என்று அம்மா கேட்டார். மட்டக்குளி வீட்டில் தண்ணீர் வசதி எப்படி என்று விசாரித்ததாகச் சொன்னேன்.