தினம் ரெண்டு

நம் பிரஸ்ஸில் நீ வேலை பார்த்த மெஷினை இந்த வாரத்தோடு தூக்கப் போவதாகச் சொன்னார்கள். அதிலிருக்கும் பட்டாசு லேபிள்களை எல்லாம் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பெட்டியின் மூடியைக் கழற்றினால் தூசியோடு சந்தன வாசம். வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு வைத்த பொட்டெல்லாம் காய்ந்து உதிர்ந்து உள்ளே கிடந்தது. குனிந்து அதை மோந்து பார்த்தேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

மாற்றுவதற்கு முன்னால் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் காலையில் எழுந்ததும் எதையெல்லாம் செய்ய வேண்டும் என்று தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் இடம் அது. பிரிண்டர், ஸ்கேனர், இங்க் என்று எல்லாம் தெரிந்த பெயர்கள். நடுவில் ஒன்று மட்டும் தமிழில், இங்கிலீஷ் எழுத்தில்: 'தினம் ரெண்டு'. எந்தக் கம்பெனியும் அப்படிப் பெயர் வைக்காது. நீதான் வைத்திருக்க வேண்டும். தினம் ரெண்டு என்ன? டீயா? உன் சுகர் மாத்திரையா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்த வரி காட்டிய கோப்பைத் திறந்தேன். நாலே வரி. காலையில் மெஷினைப் போட்டதும் லேபிள்களை எல்லாம் மறைத்து வைத்த ஒரு இடத்துக்குக் காப்பி எடு என்று இருந்தது. என் கெட்ட நேரம், அந்தச் சமயம் பார்த்து முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"என்னய்யா அது, காப்பின்னு போட்டிருக்கு? நம்ம டிசைன யாருக்கு எடுத்திருக்கான்?"

"தெரியல மொதலாளி. பாத்துச் சொல்றேன்."

"இதுல பாக்க என்ன இருக்கு? அன்னைக்கு நம்ம கிளி லேபிள் மாதிரியே இன்னொருத்தன் அடிச்சு விட்டான்ல? எப்படிப் போச்சுன்னு இப்பத்தான வெளங்குது. செத்தவனப் பேசக் கூடாது, பேசல. அவன் மகளத் திங்கக்கிழமை வரச் சொல்லியிருந்தோம்ல, அத நிப்பாட்டி வையி."

உன் மகள் டிசைன் படித்து முடித்து, நம் பிரஸ்ஸுக்குத்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள். உன் மனைவி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துப் படிக்க வைத்த பெண். அவளிடம் போய் என்ன சொல்வது? உங்க அப்பா திருடன் என்றா? இதன் மூலத்தைக் கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன்.

முதலில், எப்போது எழுதினாய் என்று பார்த்தேன். கோப்பு உண்டான தேதி ஒரு அக்டோபர் மாதம், மத்தியானம் மூன்று மணி சொச்சம். நம் பிரஸ்ஸில் பழைய காலண்டருக்கா பஞ்சம்? சாம்பிள் அடுக்கில் அந்த வருஷத்து தினக் காலண்டரை உருவித் தேதியைப் புரட்டினேன். ஆயுத பூசை! சிவகாசியில் அன்றைக்கு எவன் மெஷினைத் தொடுவான்? பொட்டு வைத்து, மாலை போட்டு, மறுநாள் விஜயதசமிக்குத்தானே திறப்போம். நீ சர்ச்சுக்குப் போகிறவன், உன் வீட்டில் மட்டும்தான் பூசை கிடையாது. அதனால் அன்றைக்கு ஆபீஸ் சாவியும் உன்னிடம்தான் இருக்கும். ஆளில்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறாய். முதலாளி சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. மன்னித்துவிடு. ஒரு டீ குடிக்கிற நேரம் நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் அந்த மறைத்து வைத்த இடத்தைத் தேடினேன். அது வேறெங்கும் இல்லை, இதே பெட்டிக்குள் இரண்டாவதாக மாட்டியிருந்த டிஸ்க். அதிலும் முதல் நாள் போட்ட கோப்புகள் மட்டும் விசித்திரமாக இருந்தன. அழிந்த கோப்பை மீட்டெடுக்கும் புரோகிராம் பெயரைத் தொலைத்துவிட்டு வெறும் நம்பர் போட்டுக் கொடுக்குமே, அந்த நம்பர்கள். பக்கத்திலேயே ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த காப்பி: மயில் சக்கரம், ரோஜா மத்தாப்பு, கிளி. நூற்றுச் சொச்சம் லேபிளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறாய். இதெல்லாம் எப்போது அழிந்தது? யார் அழித்தது?

மறுபடியும் அந்த நாலு வரிக் கோப்புக்கு வந்தேன். திரை ஓரத்தில் பக்கத்தை உருட்டும் பட்டை வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. கோப்பு நீளமானால்தான் அது அப்படிச் சுருங்கும்; நாலு வரிக்கு ஏன் என்று கீழே இழுத்துக்கொண்டே போனேன். வெறும் இடம், வெறும் இடம், அடியாழத்தில் ஒரு குறிப்பு:

"சாமிக்குச் சுத்தம் பண்றேன்னு லேபிளையும் சேத்துக் களுவிட்டான். இனி தினம் ரெண்டு காப்பி இருக்கணும். அவன்கிட்ட சொல்ல வேண்டாம். மனசு ஒடஞ்சு போவான்."

அவன் நான்தான். பூசைக்கு முதல் நாள் கீபோர்டைத் துடைத்து, புளோயரால் தூசி ஊதி, அத்தோடு நின்றேனா? உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டும் என்று 'பழசு' என்ற ஃபோல்டரை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினேன். ரிப்பீட் ஆர்டர் லேபிள்களை நீ அதில் வைத்திருப்பாய் என்று எனக்கு எங்கே தெரியும்? தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம் அது. விஜயதசமி காலையில் சுவிட்சில் வைத்த சந்தனம் அழிந்திருந்ததைப் பார்த்து, யார் தொட்டது என்று நான் குதித்தது ஞாபகம் இருக்கிறது. "பல்லி ஏறியிருக்கும்லே, போயி வேலையப் பாரு" என்றாய். உன் கண் இரண்டும் சிவந்திருந்தன. மெட்ராஸ் ஐ என்று தள்ளி உட்கார்ந்தேன்.

எழுந்து முதலாளி அறைக்குப் போனேன்.

"மொதலாளி, அவன் யாருக்கும் குடுக்கல. எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. நான் அழிச்சத அவன் மீட்டு வச்சிருக்கான்."

"நீ அழிச்சியா? எப்ப?"

சொன்னேன். குறிப்பையும் படித்துக் காட்டினேன். கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளையத் திங்கக்கிழமை வரச் சொல்லு" என்றார். கிளி எப்படிப் பறந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. உன் கையிலிருந்து பறக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

உன் மகள் வந்துவிட்டாள். முதல் நாளே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் தப்பிலிருந்து ஆரம்பித்து. அவள் ஆச்சரியப்படவே இல்லை. "அப்பா வீட்டுலயும் அப்படித்தான் மாமா. நாங்க ஒடச்சத ஒட்டி வச்சிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி பேப்பர் படிச்சிக்கிட்டு இருப்பாக. நாங்க வளந்த பெறகுதான் ஒவ்வொண்ணாக் கண்டுபிடிச்சோம்."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இத்தனை காலம் என் வேலையில் ஒரு குறை வந்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது எது ஒழுங்காக நடந்திருந்தாலும், இதில் நீ எங்கே கை வைத்தாய் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.