ஜென்சியின் அம்மா என்ன வேலை?

ஜென்சியின் மூன்றாம் வகுப்பில் இந்த மாதம் பெற்றோரின் தொழில்கள்தான் பாடம். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்கும் அவளுடைய அம்மா பிலோமினாவை இன்று பேச அழைத்திருந்தார்கள். "போகாதை, எனக்கு மானம் போகும்" என்று நேற்றே சண்டை பிடித்த கணவன் றெனோல்ட், இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். பிலோமினா அவனுக்கு ஒரு சீட்டு எழுதி பிரிட்ஜில் ஒட்டினாள்.

"இஞ்சாருங்கோ, புட்டும் கறியும் அடுப்பிலை இருக்கு. வெளியிலை போனால் கதவுத் திறப்பை மறந்திடாதேங்கோ. நான் பள்ளிக்கூடத்துக்குப் போறன், சந்தையிலை கட்டுற ஏப்ரனோடைதான். வெட்கம் உங்களுக்குத்தான், எனக்கில்லை."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"அம்மா நேர்ஸ் எண்டு வகுப்பிலை சொல்லச் சொன்னீங்களாம். பிள்ளை மாட்டன் எண்டிட்டாள். விருப்பமெண்டால் நீங்களும் வாங்கோ. வந்தால் கைதட்ட வேணும்."