குழாய் எடுத்த நாள்

என் பிரியமுள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், என் மனசை மட்டும் அதில் சேர்த்துவிடாதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு இடுப்பு வலி தேவலையா, நாற்காலியே கதியென்று கிடக்க வேண்டாம், எழுந்து நடக்கச் சொல். பேத்திக்கு முன்பல் விழுந்த படம் பார்த்தேன், அந்த ஓட்டைப் பல்லோடு உன் சிறுவயசுச் சிரிப்பையே சிரிக்கிறாள். போனில் பேசாமல் என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ விடும்மா என்பாய், நானும் விட்டுவிடுவேன். இது விடுகிற விஷயமில்லை.

நம் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா படத்தை நீ போன முறை வந்தபோது போனில் பிடித்துக்கொண்டு போய், நகராட்சி நூற்றாண்டு விழாவின் நகர வரலாற்றுக் கண்காட்சிக்கு அனுப்பினாய் அல்லவா. தெருக் குழாயின் பக்கத்தில் என் அப்பா கோட்டுப் போட்டு ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்க, சுற்றிலும் பின் தெருப் பெண்கள் குடத்தோடு நிற்கும் படம். அட்டைக்குப் பின்னால் அவர் கையெழுத்திலேயே “பின் தெருக் குழாய் எடுத்த நாள்” என்று இருக்கும். பின் தெருவுக்குக் குழாய் எடுத்துக் கொடுத்த மகராசன் என்றுதான் என் அம்மா எனக்குச் சொன்னாள், நான் உங்களுக்குச் சொன்னேன், நீ அதையே அழகாக எழுதி, போட்டுக்கொள்ள அனுமதியும் கொடுத்து அனுப்பிவிட்டாய். கண்காட்சிக் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், வீட்டுக்கே வந்தார். “வாசல்லயே ஆளுயரத்துக்கு வைக்கிறோம் பாட்டி, தெருமுனைக்கும் அவர் பேரை வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கோம். அவர் பிள்ளைங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க, ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க” என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தேதியை மட்டும் நகராட்சியின் பழைய பதிவேட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றதும் நானும் வருகிறேன் என்று உன் அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள்தான், ஆனாலும் என் அப்பா பெயரை என் கண்ணாலேயே எழுத்துக்கூட்டிப் படிக்க ஆசை.

பதிவேடுகள் வைத்திருக்கும் அறையை நீ பார்க்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே ஜன்னலில்லாத இடம், சுவரெல்லாம் ஈரம் ஏறி உப்புப் பூத்து, எலி மூத்திர நாற்றம் தொண்டைக்குள் இறங்குகிறது. ஊர் பிறந்த கதையெல்லாம் கட்டுக் கட்டாக சணல் கயிற்றில் கட்டித் தரையில் கிடக்கிறது. ஒரு புத்தகத்தின் மேல் டீ கிளாஸ் வைத்து வைத்து வட்டம் வட்டமாகக் கறை, இன்னொன்றைப் பிரித்தால் நடுவில் காய்ந்து தட்டையாகிப் போன பல்லி. பதிவேட்டுக் குமாஸ்தா கட்டை விரலை நாக்கில் நனைத்து ஒரு பக்கம் திருப்புகிறார், பல்லித் தூசியோடு அதே விரலை மறுபடி நாக்கில் வைக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தீர்மானப் புத்தகத்தை இப்படிக் கொடுங்கள் ஐயா என்று வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

படித்தேன். மேட்டுத் தெருவாசிகள் கொடுத்த மனுவின்பேரில், நீர் அழுத்தம் போதாமையால், பின் தெருப் பொதுக் குழாயை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது. மனுவில் முதல் கையெழுத்து என் அப்பாவுடையது. இரண்டு முறை படித்தேன், எழுத்து மாறவில்லை. வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எடுக்கிறதுன்னா எழுப்புறதுன்னும் ஒரு அர்த்தம் உண்டு பாட்டி, விழா எடுத்தான்னு சொல்றதில்லையா” என்றார். படித்தவர்களுக்கு எவ்வளவு அர்த்தம் கையிருப்பு இருக்கிறது பார். நான் அடுத்த வரியில் விரலை வைத்தேன். எடுத்த குழாயை மேட்டுத் தெரு ஏழாம் எண் வீட்டில் பொருத்திக்கொள்ள அனுமதி வழங்கப்பட்டது. ஏழாம் எண் யார் வீடு கண்ணு. நம் கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு மேலே இருக்கிறதே பித்தளைக் குழாய், அது. அதில் குடித்துத்தான் நான் வளர்ந்தேன், அதில்தான் உங்கள் இருவரையும் குளிப்பாட்டினேன். அங்கேயே வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். உன் அண்ணன் பின்னாலேயே வந்து, “எழுபது வருஷத்துக்கு முந்தின குழாய்க்கு இப்ப யாரும்மா குடத்தைத் தூக்கிட்டு வரப்போறாங்க” என்றான். குமாஸ்தா சிரித்தார். என் வயிற்றில் பிறந்தவன் பேச்சுக்கு ஒருத்தர் சிரிக்கிறாரே என்று பெருமைப்பட வேண்டிய நேரமா அது, சீ என்று போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை நம் தேய்ப்புக்காரம்மா இஸ்திரிக்குத் துணி வாங்க வந்தாள். முப்பது வருஷமாக வருகிறாள், பின் தெருதான். படத்தைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். இது என்ன படம், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். “தெரியாம என்னக்கா, எங்கம்மா சாகிறவரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா” என்றாள். ஏன் என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை என்றேன். “வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் நீங்க படத்தைக் காட்டிப் பெருமையாச் சொல்லுவீங்க. நான் துணியை எண்ணிக்கிட்டு நிப்பேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு படத்தில் ஓரமாக ஒரு பெண் நிற்கிறாளே, சந்தோஷத்தில் வாயடைத்துப் போனவள் என்று நாம் சொல்வோமே, அவள்தான் இவளுடைய அம்மா. குழாய் போன அந்த மழைக்காலத்தில் குட்டைத் தண்ணீரைக் குடித்து, இவளுக்கு மூத்தது இரண்டும் காய்ச்சலில் போய்விட்டதாம். அம்மாவுக்கு வேறு படமே கிடையாதாம். நீயே எடுத்துக்கொண்டு போ என்று சட்டத்தோடு நீட்டினேன். என் கையை ஒதுக்கிவிட்டாள். “அந்தாளோட சேர்த்து எங்கம்மாவை நான் எதுக்குக்கா என் வீட்டுல மாட்டணும்” என்றாள். எனக்கு அப்பா என்றால் அவளுக்கு அந்தாள்.

வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பினேன். படத்தை வையுங்கள், ஆனால் கீழே அந்தத் தீர்மானத்தின் இரண்டு வரியையும் ஒரு எழுத்து விடாமல் போடுங்கள், அப்போது கையெழுத்துப் போடுகிறேன், தெருமுனைக்கு வேறு யார் பெயரையாவது தேடிக்கொள்ளுங்கள் என்று. “நூற்றாண்டுக் கொண்டாட்டத்துல போய் இந்தக் கசட்டையெல்லாம் யாராவது போடுவாங்களா பாட்டி, உங்க பொண்ணுதான் அனுமதி எழுதி அனுப்பியிருக்காங்களே, அது போதும் எங்களுக்கு” என்று பதில் வந்திருக்கிறது. ஆக உன் கையெழுத்தை வைத்துக்கொண்டுதான் இந்தப் பொய்யை ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்தப் போகிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதி திறக்கிறார்கள். இந்தக் கடிதம் கண்டவுடன், நான் எழுதியது தவறு, என் அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன் என்று நீ எழுதிவிடு. அண்ணன் உன்னைக் கூப்பிட்டு அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்பான். ஆகிவிட்டதுதான், அதனால்தான் அவசரம். அவன் என்னோடு பேசி ஆறு நாளாகிறது. உன் அண்ணி மட்டும் தானாகவே ஆளைக் கூட்டி வந்து கொல்லைக் குழாயைக் கழற்ற வைத்துவிட்டாள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உன்னிடம் இருக்கும் படத்திலிருந்து தேய்ப்புக்காரம்மாவின் அம்மாவை மட்டும் தனியாகப் பிரித்துப் பெரிதாக்கி, அவளிடம் கொடுக்க நல்ல தாளில் போட்டு எனக்கு அனுப்பு. இங்கே கடைக்காரரிடம் கொடுக்க எனக்கு மனமில்லை, நம் வீட்டு ஆள்தான் செய்ய வேண்டும். மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம், நீயும் தீர்க்காயுசாக நன்றாக இரு. வெட்டும்போது கவனம். என் அப்பா கை அவள் தோள் பக்கமாக நீண்டிருக்கிறது, அதில் ஒரு விரல்கூட அவள் மேல் இருக்கக்கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா